புலம்பெயர் தொழிலாளரிடையே தொழுநோய்: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கும் தொழிலாளர் நலத் துறையினருக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தொழுநோய் ஆய்வாளராகப் பணியில் சேர்ந்து, அந்தப் பணி பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்ட பின் சுகாதார ஆய்வாளராகி, கொங்கு மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலைக்குப் பெரிய கருவிகள் தேவைப்பட்டதில்லை. சட்டைப் பையிலிருக்கும் பால்பாயின்ட் பேனாவின் முனையால் தேமலை மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் கண்ணை மூடியபடியே விரலால் காட்டச் சொல்வோம். மற்ற இடங்களையெல்லாம் சரியாகக் காட்டிவிட்டுத் தேமலைத் தொடும்போது மட்டும் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அங்கே உணர்ச்சி போய்விட்டது, தொழுநோயாக இருக்கலாம் என்று பொருள்; அடுத்து முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். என் பணிக்காலத்தின் கடைசிப் பத்து ஆண்டுகளில் அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் தமிழ் தெரியாதவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், தித்லாகர் என்று ஜார்க்கண்டையும் மேற்கு ஒடிசாவையும் தொட்டுவரும் அந்த வண்டி சேலத்திலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் நிற்கும்போது முன்பதிவில்லாப் பெட்டிகளிலிருந்து இறங்கும் இளைஞர்களைக் கொண்டுதான் நம் பனியன் கம்பெனிகளும் வார்ப்பட ஆலைகளும் நூற்பாலைகளும் ஓடுகின்றன. அவர்கள் புறப்பட்டு வரும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்கள் இந்தியாவில் தொழுநோய் மிகுந்தவை. உலகில் ஓராண்டில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். 2022-இல் உலகெங்கும் கண்டறியப்பட்ட 1,74,087 பேரில் 1,03,819 பேர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். இவ்வளவு நோயாளிகள் இருக்கும் நாட்டில், வேலை தேடி ஆட்கள் நகரும் பாதையில் நோயும் நகரும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் எந்தத் திட்டமும் போட முடியாது.

இதை எழுதும்போதே எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அஞ்சி ஊர் திரும்பியவர்களை நான் இரயில் நிலையத்தில் பார்த்தேன். அதே வாட்ஸ்அப்பில் 'வடக்கர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள்' என்று நாளை ஒரு செய்தி ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே சில உண்மைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிறந்து, இங்கிருந்து வெளியே எங்கும் போகாதவர்களிடமும் ஒவ்வோர் ஆண்டும் புதிய தொழுநோய் கண்டறியப்படுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்தே எடுக்காத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்தால்தான் மூச்சுவழி தொற்றக்கூடும். கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே அந்த நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவும் வாய்ப்பு அநேகமாக நின்றுவிடுகிறது. ஆகையால் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து அந்த இரயிலில் வந்தவரால் இல்லை. அவரிடம் நோய் இருந்தும் ஆண்டுக்கணக்கில் அதை யாரும் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவதால்தான் ஆபத்து.

கண்டுபிடிக்காமல் போவது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரே ஓர் ஆளைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஜார்க்கண்டிலிருந்து வந்த இருபத்து நான்கு வயதுப் பையன். அயர்ன் டேபிளில் வேலை. வலது கையின் சுண்டுவிரல் ஓரமாகத் தீக்காயம் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. சூடு பட்டபோது கையை எடுக்கவில்லையா என்று கேட்டால், பட்டதே தெரியவில்லை என்றான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தேமல் ஒன்றும், தோளில் சிறியதாக இரண்டு மூன்றும் இருந்தன. அதற்கு முன் ஓர் ஆண்டாக ஒரு மருந்துக்கடையில் படர்தாமரைக் களிம்பு வாங்கித் தடவியிருக்கிறான். ஒரு தனியார் கிளினிக்கில் சத்து ஊசியும் போட்டிருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு அவனிடம் நல்ல காரணம் இருந்தது. அவன் ஷிப்டு முடியும் நேரத்தில் அது மூடியிருக்கும். திறந்திருக்கும் நேரத்தில் போனால் அன்றைய கூலி போகும்.

சிகிச்சையைத் தொடங்கினோம். இரண்டாவது மாதத்துக்கான மாத்திரை அட்டையை வாங்கிப்போனவன் மூன்றாவது மாதம் வரவில்லை. அவன் கொடுத்திருந்த கைப்பேசி எண் லேபர் ஏஜென்டினுடையது. 'அந்தப் பையன் வேற கம்பெனிக்குப் போயிட்டான் சார்' என்றார் ஏஜென்ட். எந்தக் கம்பெனி என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் 'இடம்பெயர்ந்தார்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு சொல்லை எழுதியதும் அலுவலகக் கணக்கு சரியாகிவிட்டது.

கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள், மருத்துவர்கள் உட்பட. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியது, 'பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இராது' என்ற பொருளில். அவ்வளவே அந்த அறிவிப்பு. அந்த அளவில் எண்ணப்படுவோரும் குறிப்பிட்ட நாளில் சிகிச்சைப் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமே. உடலில் கிருமிகள் மிகுந்திருக்கும் 'பல கிருமி' வகை நோய்க்கு 24 மாதமாக இருந்த சிகிச்சை 1990-களின் இறுதியில் 12 மாதமாகக் குறைந்ததும் பதிவேட்டில் ஆட்கள் இருக்கும் காலம் பாதியாகி, எண்ணிக்கையும் தானாகச் சுருங்கியது. சிகிச்சை சுருங்கியது நல்லதுதான். ஆனால் நோய் பரவும் வேகமும் அதே அளவு சுருங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போகும் வேலையைக் கைவிட்டது நல்லதல்ல. 2016-இல் ஒன்றிய அரசு மீண்டும் வீடு தேடிச் செல்லும் கண்டறிதல் இயக்கத்தைத் தொடங்கியபோது மறைந்திருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்ததும், பெருந்தொற்று ஆண்டான 2020-இல் தேடுவது நின்றதும் 2 இலட்சத்துக்கு மேல் இருந்த புதிய நோயாளிகளின் உலக எண்ணிக்கை 1 இலட்சத்து 27 ஆயிரமாக ஒரே ஆண்டில் விழுந்ததும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. தேடினால் எண் ஏறும், தேடாவிட்டால் இறங்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சல்போன் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டில் பணியாற்றினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைப் பால் பிராண்ட் வேலூரில் வளர்த்தெடுத்தார். வேலூரை அடுத்த காரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்குப் பல நாடுகளிலிருந்து வந்து கற்றுப்போனார்கள். ஒரு காலத்தில் நாட்டிலேயே நோய் மிகுந்திருந்த வட ஆற்காடும் செங்கல்பட்டும் இன்றைய நிலைக்கு வந்தது, மிதிவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்த ஆய்வாளர்களால். அன்று நாங்கள் போன இடம் ஊரும் சேரியும். இன்று போக வேண்டிய இடம் லைன் வீடும், ஆலை விடுதியும், சூளைக் குடிசையும். இடம்தான் மாறியிருக்கிறது.

அந்த அறைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கியிருப்பார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுப்பார். சன்னல் இருந்தாலும் பெட்டிகளும் துணிகளும் அதை அடைத்திருக்கும். மருந்து எடுக்காத ஒரு நோயாளி இரண்டு ஆண்டுகள் அங்கே உறங்கினால், அருகில் உறங்குபவரில் ஓரிருவருக்குக் கிருமி போய்ச் சேர வாய்ப்புண்டு. ஆனால் அது தேமலாக வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் அந்த அறையில் இருந்தவர்கள் எர்ணாகுளத்திலோ சூரத்திலோ தங்கள் கிராமத்திலோ இருப்பார்கள். காய்ச்சல் நோய் என்றால் ஒரே வாரத்தில் பத்துப் பேர் படுத்துவிடுவார்கள், மாவட்ட ஆட்சியர் வரை செய்தி போகும். தொழுநோய் இவ்வாறு அறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. நிர்வாகம் விழித்துக்கொள்ளும்படியான சத்தம் எதுவும் எழுப்பாத நோய் இது.

இந்த இடத்தில் நம் படிவங்கள் கைவிட்டுவிடுகின்றன. ஒரு நோயாளி கண்டறியப்பட்டால் அவருடைய வீட்டுத் தொடர்பாளர்களைப் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு, அது வராமல் தடுக்க, ரிஃபாம்பிசின் என்ற மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்க வேண்டும் என்பது விதி. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதைப் பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையான வங்கதேச ஆய்வில் முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வருவது ஏறத்தாழ 57 விழுக்காடு குறைந்தது. ஆனால் புலம்பெயர்ந்தவருக்கு வீடு எது? மனைவியும் குழந்தைகளும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள்; உடன் உறங்குபவர்கள் அவருக்கு உறவினர்கள் அல்லர். படிவத்தில் 'குடும்ப உறுப்பினர்கள்: இங்கு இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்த ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி எழுதியவன்தான். அறைத்தோழர்களைத் தொடர்பாளர்களாகக் கட்டாயம் பதிவுசெய்யும்படியும், ஊரிலுள்ள குடும்பத்தைப் பற்றிய தகவலை அந்த மாநிலத்தின் மாவட்ட அலுவலருக்கு அனுப்பும்படியும் ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். நோயாளிகளை ஒவ்வொருவராகப் பதிவுசெய்யும் நிக்குஷ்ட் என்ற இணையதளம் ஏற்கனவே இருக்கிறது. காசநோய்க்கு நிக்ஷய் தளத்தில் நோயாளியை மாவட்டம்விட்டு மாவட்டம் மாற்றி அனுப்புவது அன்றாட வேலையாகிவிட்டதைப் போல, இங்கும் ஆக வேண்டும்.

மருந்தைப் பற்றி ஒரு தவறான பழக்கம் கீழ்மட்டத்தில் இருக்கிறது. 'உங்கள் ஊரிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கேட்டிருக்கிறேன். நம் மாவட்டக் கணக்கில் ஒரு நோயாளி ஏறாமல் இருப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. பல கிருமி வகைக்கான பன்னிரண்டு மாத அட்டைகளைப் பதினெட்டு மாதத்துக்குள் முடிக்கலாம் என்றும், குறைந்த கிருமி வகைக்கான ஆறு அட்டைகளை ஒன்பது மாதத்துக்குள் முடிக்கலாம் என்றும் விதியே நெகிழ்வாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் அறுவடைக்கும் ஊருக்குப் போகிறவருக்கு இரண்டு மூன்று அட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தனுப்பவும் வழிகாட்டுதல் உண்டு. அட்டையோடு, இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் அச்சிட்ட ஒரு சீட்டும் வேண்டும். மாதத்தின் முதல் மருந்துக்குப் பின் சிறுநீர் சிவக்கும், அட்டையிலுள்ள குளோஃபாசிமின் மாத்திரையால் தோல் கறுக்கும், மருந்து நின்றதும் சில மாதங்களில் பழைய நிறம் திரும்பும் என்ற மூன்று செய்திகளைச் சொல்லாததாலேயே பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! தோல் கறுக்கக் கறுக்க அறைத்தோழர்கள் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாதவர் மருந்தை நிறுத்திவிடுவார், அல்லது அறையை மாற்றிவிடுவார்.

அதே சீட்டில் இன்னொன்றும் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு நடுவிலோ முடிந்த பிறகோ நரம்பு வலித்து, தேமல் சிவந்து வீங்கினால் அது கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை. மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அன்று. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் வந்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்துக் கையை மீட்க வாய்ப்புண்டு. ஆறு மாதம் தாண்டினால் மடங்கிய விரல் மடங்கியதாகவே நின்றுவிடக்கூடும். வார்ப்படத்தில் கொதிக்கும் உலோகத்தின் அருகே நிற்பவனுக்கும், திருவள்ளூர்ச் செங்கல் சூளையில் வெறுங்காலோடு நடப்பவனுக்கும் உணர்ச்சியில்லாத கையும் காலும் என்னவாகும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

இனித் தொழிலாளர் நலத் துறைக்கு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. நீண்டகால நோய்கள் முப்பத்து நான்கின் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். அந்தப் பட்டியலில் தொழுநோயும் இருக்கிறது. இது தெரிந்த தொழிலாளியை நான் ஒரு நாளும் சந்தித்ததில்லை. தெரிந்த மேலாளரையும் ஒருவரைத்தான் சந்தித்தேன். தெரிந்தாலும் பயனில்லாதபடி ஒரு நிபந்தனை இருக்கிறது: தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுப் பணியில் இருந்திருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய ஆளாகச் சேர்க்கப்படுபவர், ஊருக்குப் போய்வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர், இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியை எங்கிருந்து காட்டுவார்? இந்நோய்க்கு மட்டுமாவது அந்த நிபந்தனையைத் தளர்த்தும்படி ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு. பெரும்பாலான நோயாளிகள் மருந்து எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகலாம், போக வேண்டும். எதிர்வினையோ பாதப்புண்ணோ வந்து சில வாரங்கள் உட்கார நேரும்போதுதான் இந்த உதவி தேவைப்படும். எனவே கேட்பது பெரிய தொகை அன்று.

இன்னொரு வேண்டுகோள் சற்று நுட்பமானது. தேடுங்கள் என்று நான் சொல்வதை 'வேலைக்கு எடுக்கும் முன் மெடிக்கல் எடுங்கள்' என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. வளைகுடா நாடுகளுக்குப் போன நம்மவர்களுக்கு அந்த மெடிக்கல் எப்படிப்பட்டது என்பது தெரியும். காசநோயோ தொழுநோயோ இருந்தால் தாளில் 'அன்ஃபிட்' என்று ஒரு முத்திரை விழும், விசாவுக்குக் கட்டிய கடன் மட்டும் மிஞ்சும். நம் நாட்டுக்குள், நம் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆலை வாசலில் அதே முத்திரையைக் குத்தத் தொடங்கினால், தேமல் உள்ள ஒவ்வொருவரும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்களே தவிர நம்மிடம் வரமாட்டார்கள். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது; விவாகரத்துக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019-இல்தான் போயின. சட்டத்திலிருந்து போனதை ஆலையின் ஆள்சேர்ப்பு மேசையில் திரும்பக் கொண்டுவர வேண்டாம். நோய் கண்டறியப்பட்ட காரணத்தால் எந்தத் தொழிலாளரையும் வேலையிலிருந்தோ விடுதியிலிருந்தோ நீக்கக் கூடாது என்றும், பரிசோதனை முடிவை நிர்வாகத்திடமோ ஏஜென்டிடமோ தெரிவிக்கக் கூடாது என்றும் இரு துறைகளும் கூட்டாக ஓர் ஆணை பிறப்பித்த பிறகே எந்த ஆலைக்குள்ளும் பேனாவோடு நுழைய வேண்டும். இந்த வரிசை மாறினால் முழு வேலையும் கெட்டுவிடும்.

நுழைவதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியிடத்துக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அங்கே ஓர் ஆளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் முதுகையும் கைகால்களையும் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு திரைத் தடுப்பு வேண்டும்; பெண் தொழிலாளர்களுக்குப் பெண் ஊழியர் வேண்டும்; அவர்கள் மொழியில் கேட்பவர் வேண்டும். 'குஷ்ட்' என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். 'சுன்ன தாக்', அதாவது மரத்துப்போன தேமல் இருக்கிறதா என்று கேட்டால் தானாகவே சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கூடவே, கொதிக்கும் தேநீர்க் குவளையைக் கூசாமல் பிடிக்கிறாரா, காலிலிருந்து செருப்பு கழன்றுபோவது தெரிகிறதா, வலிக்காத தீக்காயம் உண்டா என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலைகளுக்கு வெளியே கட்டடப் பணியிலும் சூளைகளிலும் இருப்பவர்களை இந்தத் திட்டம் எட்டுவது கடினம். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முகாம்களைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2027-க்குள் தொழுநோய்ப் பரவலை அறவே நிறுத்துவது என்று ஒன்றிய அரசின் திட்ட ஆவணம் இலக்கு வைத்திருக்கிறது. அது நிறைவேறுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30 அன்று ஆட்சியர் அலுவலகங்களில் தொழுநோய் எதிர்ப்பு உறுதிமொழி எடுப்பது மட்டும் தவறுவதில்லை. வருகிற ஜனவரியில் அந்த உறுதிமொழியை ஒரு லைன் வீட்டு முற்றத்தில், அங்கு வசிப்பவர்களின் மொழியில் எடுத்து, அன்றே பரிசோதனையையும் தொடங்குங்கள். பேனாவை எப்படிப் பிடிப்பது, நரம்பை எங்கே தடவுவது என்று புதிய ஊழியர்களுக்குக் காட்ட எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற ஆய்வாளர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்; அழைத்தால் படிச்செலவு கேட்காமல் வருவோம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்கள் அதற்கு முன் எழுந்திருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழுநோய் ஆய்வாளர் ஒருவர்